ஐம்பத்தைந்துக்குப் பிறகு ஓர் உத்தியோகம்

டோபி காட் நிலையத்தில் இன்று மூன்று ரயில் தடங்கள் பூமிக்கடியில் சந்திக்கின்றன. அலுவலகங்கள் திறக்கும் வேளையில் அதன் நகரும் படிகளில் ஏறி வருகிற ஜனத்திரளைக் காண்பவர்க்கு, சிங்கப்பூர் முழுவதும் உத்தியோகத்துக்குப் புறப்பட்டுவிட்டது என்றே தோன்றும். அந்த ஸ்தலத்துக்குப் பெயர் தந்தவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்து, இப்போது ஸ்டாம்ஃபர்டு கால்வாயாக மாறிவிட்ட பிராஸ் பாசா ஓடையில் துணி துவைத்து, அக்கரைப் புல்வெளிகளில் உலர்த்தி, நகரத்தாரின் வீடுகளுக்குச் சுமந்து சென்று கொடுத்த சலவைத் தொழிலாளிகள். கைக்கு வலுவுள்ள மட்டும் அவர்கள் உழைத்தார்கள். வலுக் குன்றியபோது சுமையைக் குறைத்துக்கொண்டார்கள். நோயுற்றால் பட்டினிதான் என்பதால் அது சுகவாழ்வு அன்று. ஆயினும், இன்ன தேதியோடு உனக்கு வயதாகிவிட்டது, நாளை முதல் வரவேண்டாம் என்று எழுதிக் கொடுக்க அவர்களுக்கு மேல் ஒருவர் இல்லை. ஓய்வு வயது என்ற எல்லைக்கோடு மாதச் சம்பளத்தோடு கூடவே வந்து சேர்ந்த ஏற்பாடு.

அந்தக் கோட்டை மனமொப்பிக் கடப்பவர் ஒரு சிலர்; தள்ளப்பட்டுக் கடப்பவர் பலர். நிறுவனம் இடம் மாறியதால், இரண்டு நிறுவனங்கள் ஒன்றானதால், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால், அல்லது “நீங்களே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டால் கௌரவமாக இருக்கும்” என்ற மேலதிகாரியின் இனிய சொல்லால், ஐம்பதைக் கடந்த வயதில் வேலையிழந்து, மறுபடியும் வேலை தேடப் புறப்படுகிற மனிதர்களைப் பற்றியது இக்கட்டுரை. வேலையில் இருக்கிற முதியவரைச் சிங்கப்பூரின் சட்டங்கள் வெகுவாகக் காக்கின்றன; வேலையை இழந்து வாசலுக்கு வெளியே நிற்கிற முதியவரை அவை அந்த அளவுக்குக் காக்க இயலவில்லை என்பதே நான் சொல்ல வந்த விஷயம். அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர்கள் அவரை அறிந்த மனிதர்களும், அவருக்கு வேலை கொடுக்கும் நிலையிலுள்ள மனிதர்களுமே ஆவர்.

சட்டம் எவ்வாறு வளர்ந்தது என்பதை முதலில் காண்போம். காலனி ஆட்சியில் 55 வயது என்பது ஓய்வுக்கு வழக்கமான எல்லை. 1955 ஜூலையில் மத்திய சேம நிதி தொடங்கப்பட்டபோதும், சேமிப்பை எடுத்துக்கொள்ளும் வயது அதுவாகவே வைக்கப்பட்டது. வயதின் காரணமாக அன்றி, சரித்திரத்தின் காரணமாகவே பெருந்திரளானோர் ஒருசேர ஓய்வுக்குத் தள்ளப்பட்ட சம்பவம் ஒன்று அதற்குப் பிறகு நேர்ந்தது. 1968 ஜனவரியில், பிரிட்டிஷ் பிரதமர் ஹரால்டு வில்சனின் அரசாங்கம், சிங்கப்பூரிலிருந்த தன் படைத்தளங்களை 1971க்குள் காலி செய்யப்போவதாக அறிவித்தது. அத்தளங்களைச் சார்ந்தே நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அன்று கிடைத்து வந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் எழுத்தர்களாகவும், பண்டகசாலைக் காப்பாளர்களாகவும், இயந்திரத் தொழிலாளிகளாகவும் தமிழரும் மலையாளிகளும் திரளாக வேலை பார்த்து வந்தனர். அவர்கள் மரத்தடியில் வைத்து வழிபட்ட முருகன்தான் பிற்காலத்தில் ஈசூனில் குடிகொண்ட புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்து மூர்த்தி.

அந்த ஊழியர்களில் சிலர், கையில் வாங்கிய பணிக்கொடையோடு கப்பலேறி ஊர் திரும்பினர். தங்கியவர்களில் பலருக்குப் புதுத் தொழில்களில் பயிற்சி அளிக்கப்பட்டது. கடற்படையின் கப்பல் பட்டறை 1968லேயே வாணிபப் பட்டறையாக மாறிச் செம்பவாங் கப்பல் பட்டறையென்ற பெயரில் இயங்கத் தொடங்கி, பழைய தொழிலாளிகளில் பலருக்குப் பிழைப்பளித்தது. இருந்த வேலை போனபோது, அதே கைகளுக்கு ஏற்ற வேறு வேலையை ஒரு நாடு முயன்று உண்டாக்க முடியும் என்பதற்கு அந்த வருஷங்கள் சாட்சி. பட்டறைக்காரர்களுக்குத் தேவைப்பட்டது அந்த மனிதர்களின் கைத்திறன். அத்திறன் உள்ளவர்கள் இன்னார் என்பதும் அவர்களுக்கு முன்னமே தெரிந்திருந்தது. இந்த இரண்டாவது காரணத்தை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் அதற்கு வருவோம்.

1984ஆம் ஆண்டில், சுகாதார அமைச்சராயிருந்த ஹாவ் யூன் சோங்கின் தலைமையில் அமைந்த குழு ஒன்று, மக்களின் ஆயுள் நீண்டு வருவதைக் காட்டி, சேம நிதியை எடுக்கும் வயதை 60க்கும், பிறகு 65க்கும் உயர்த்தலாம் என்று யோசனை கூறியது. தாங்கள் சேமித்த பணத்தைத் தங்கள் கண்ணில் காட்டாமல் தள்ளிப்போடுகிறார்கள் என்று ஜனங்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் நடந்த பொதுத்தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு விகிதம் ஏறத்தாழ 13 சதவிகிதப் புள்ளிகள் சரிந்ததற்கு அந்தக் கோபமும் ஒரு காரணமென்று கருதப்பட்டது. 55 வயதில் பணத்தை எடுக்கும் உரிமை நிலைத்தது. ஆனால் 55 வயதில் வேலை போனால் 80 வயது வரை அந்தப் பணம் எப்படிக் காணும் என்ற கேள்வியும் கூடவே நிலைத்தது.

அதற்கு விடையாகவே, எடுக்கும் வயதைத் தள்ளுவதற்குப் பதிலாக, வேலை செய்யும் வயதை நீட்டும் சட்டங்கள் வந்தன. 1993 ஜூலையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்று விதிக்கப்பட்டது. 1999இல் அது 62 ஆயிற்று. 2012 ஜனவரியில் மறுவேலை நியமனம் என்ற புது ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது: ஓய்வு வயதை எட்டிய ஊழியர், வேலையைத் திருப்திகரமாகச் செய்து வந்தவராகவும் தேக சுகம் உள்ளவராகவும் இருந்தால், 65 வயது வரை முதலாளி அவருக்கு மறுபடியும் வேலை அளிக்க முன்வர வேண்டும். 2017இல் அந்த எல்லை 67 ஆயிற்று. 60 வயதானவரின் சம்பளத்தை வயதைக் காரணம் காட்டிக் குறைப்பதற்கிருந்த அனுமதியும் அவ்வாண்டோடு எடுக்கப்பட்டது. 2022 ஜூலையில் ஓய்வு வயது 63ஆகவும் மறுவேலை நியமன வயது 68ஆகவும் உயர்ந்தன. 2026 ஜூலை முதல் தேதிக்கு அவை 64, 69 என்று நிர்ணயிக்கப்பட்டன. 2030க்குள் 65, 70 என்பது அரசாங்கம் வகுத்துக்கொண்ட இலக்கு.

ஜப்பானில் நெடுங்காலம் பழகிய முறையைப் பெரிதும் ஒத்த இந்த ஏற்பாட்டில், மறுநியமன ஒப்பந்தம் குறைந்தது ஓராண்டுக்கு இருக்க வேண்டும். பின்னர் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படலாம். ஏற்ற வேலை தன்னிடம் இல்லையென்று முதலாளி மெய்யாகவே கருதினால், ஊழியருக்கு ஒரே தடவையாக உதவித்தொகை கொடுத்தனுப்ப வேண்டும். 2022ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி அது மூன்றரை மாதச் சம்பளம், 6,250 வெள்ளிக்குக் குறையாமல், 14,750 வெள்ளிக்கு மேற்படாமல். நியாயமின்றி மறுநியமனம் மறுக்கப்பட்டவர் மனிதவள அமைச்சில் முறையிடலாம்.

வேலையில் நீடிப்பவருக்கு இவையெல்லாம் பெருங்காப்பு. ஆனால் அந்தக் காப்பின் வாசகத்தைக் கூர்ந்து படித்தால், அது யாருக்கென்று விளங்கும். வயதைக் காட்டி ஓய்வுக்கு அனுப்பலாகாது என்ற பாதுகாப்பு, அதே நிறுவனத்தில் 55 வயதுக்கு முன்பே சேர்ந்தவருக்கு உரியது. மறுவேலை நியமனம் கோருவதற்கு, ஓய்வு வயதுக்கு முன் அதே முதலாளியிடம் இரண்டாண்டாவது வேலை பார்த்திருக்க வேண்டும். ஆகவே ஐம்பதுகளின் நடுவில் ஆட்குறைப்பில் சிக்கியவர் சம்பளத்தை மட்டும் இழப்பதில்லை. நீண்ட சேவையால் தமக்குச் சேர்ந்திருந்த சட்டக் காப்பையும் பழைய அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வருகிறார்.

அப்படிப்பட்ட ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்வோம். வயது 58. ஜூரோங்கில் ஒரு பண்டகசாலையில் 26 வருஷம் வேலை. கடைசிப் பதினோரு வருஷம் மேற்பார்வையாளர். நிறுவனம் தன் பண்டகசாலையை ஜொகூருக்கு மாற்றிக்கொண்டது. சேம நிதியின் ஆயுட்கால மாதத்தொகை 65 வயதில்தான் தொடங்கும். ஏழு வருஷத்துக்கு ஒரு குடும்பத்தின் ஜீவனோபாயம் என்ன என்ற கேள்வியோடு அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். சேமிப்பு இருக்கிறது; ஆனால் அது முதுமைக்கென்று வைத்த சேமிப்பு. அதை இப்போதே உடைத்தால் எண்பதாம் வயதில் யார் கையை எதிர்பார்ப்பது?

அவர் முதல் மாதத்தில் செய்ய வேண்டிய காரியங்கள் சில உண்டு. துக்கத்தில் மூழ்கிக் கிடக்கும் அந்த மாதமே கைநழுவிப் போகலாகாத மாதம் என்பதால் அவற்றை முதலிற் சொல்கிறேன். தம் விருப்பமின்றி ராஜினாமாக் கடிதம் எழுதித் தரும்படி நெருக்கப்பட்டவர், அதனைத் தவறான பணிநீக்கமாகக் கருதி, சச்சரவு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியில் புகார் செய்ய இடமுண்டு; ஆனால் கடைசி வேலைநாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் அதனைச் செய்தாக வேண்டும். ஆட்குறைப்பு ஈட்டுத்தொகை சட்டப்படி கட்டாயமானதன்று. ஒப்பந்தத்தில் இருந்தால் உரிமை, இல்லாவிட்டால் பேச்சுவார்த்தை. சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு வாரம் முதல் ஒரு மாதம் வரையிலான சம்பளம் என்பது நாட்டில் நிலவும் வழக்கம். 26 வருஷம் உழைத்தவருக்கு அது சிறு தொகையல்ல. ஆகையால், கடிதம் நீட்டப்பட்ட அதே மேசையில், அதே நிமிஷத்தில் கையெழுத்திடாமல், வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்து, தொழிற்சங்கத்தில் விசாரித்த பிறகே கையெழுத்திடுவது விவேகம்.

அடுத்தது, 2025 ஏப்ரலில் தொடங்கிய வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம். தம் குற்றமின்றி வேலையிழந்து, முந்திய ஓராண்டில் மாதச் சராசரியாக 5,000 வெள்ளிக்கு மேற்படாமல் சம்பாதித்தவர், மெய்யாகவே வேலை தேடிக்கொண்டிருப்பதற்கான முயற்சிகளைப் பதிவுசெய்து வந்தால், ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை பெறலாம்: முதல் மாதம் 1,500, இரண்டாம் மாதம் 1,250, மூன்றாம் மாதம் 1,000, பிறகு மூன்று மாதங்களுக்கு மாதம் 750 வீதம். பழைய சம்பளத்துக்கு இது ஈடாகாது. ஆனால் கிடைத்த முதல் வேலையில் அவசரப்பட்டு விழாமல், இரண்டு மாதம் நிதானமாகத் தேடுவதற்கு அவகாசம் தரும். 40 வயதைக் கடந்த சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதத்தில் வழங்கப்பட்ட 4,000 வெள்ளிப் பயிற்சிக் கணக்கு நிதியும் இருக்கிறது. அதனை வீட்டில் சும்மா இருக்கிறோமே என்பதற்காகச் செலவிடாமல், இன்ன வேலைக்கு இன்ன சான்றிதழ் கேட்கிறார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்துகொண்ட பிறகு செலவிட வேண்டும்.

இனி, தேடும் முறைக்கு வருவோம். ஒரு காலத்தில் வேலை தேடுபவர், டோபி காட்டுக்குப் பக்கத்திலிருந்த பீஸ் சென்டரின் அச்சுக் கடைகளில் தம் விவரக் குறிப்பைப் பத்துப் பிரதி எடுத்து, உறையிலிட்டு, ஒவ்வொரு கட்டடமாக ஏறிக் கொடுத்துவிட்டு வரலாம். ஒருவர் முகத்தையாவது பார்த்துவிட்டு வரலாம். அந்தக் கட்டடமே 2024இல் மூடப்பட்டுவிட்டது. இப்போது சிங்பாஸ் வழியாக மைகேரியர்ஸ்ஃபியூச்சர் தளத்தில் நுழைந்து விண்ணப்பித்தால், நூற்றுக்கணக்கானோரின் விண்ணப்பங்களோடு அதுவும் ஒன்றாகி, பதில் வராமலே போய்விடுகிறது. பதில் வராத விண்ணப்பம், மறுக்கப்பட்ட விண்ணப்பத்தைவிட மனத்தை அதிகம் அரிக்கிறது. தமக்குத் தகுதி இல்லையா, வயது அதிகமா, தாம் எழுதியது அவர்கள் கண்ணிலேயே படவில்லையா என்பது எதுவும் விளங்காமல், மூன்று காரணங்களையும் தம்மேலேயே சுமத்திக்கொள்கிறார் அந்த மனிதர்.

அவருடைய விவரக் குறிப்பைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். முதற்பக்கத்தின் தலைப்பில் பெயர், அடுத்த வரியில் பிறந்த தேதி, அதற்கடுத்து மதம், திருமணம் ஆனவர், பிள்ளைகள் மூவர். பிறகு 1980களில் தொடங்கி, வரிசை வரிசையாகப் பழைய பதவிகள். கடைசியாகப் பார்த்த வேலை இரண்டாம் பக்கத்தின் அடியில், “பண்டகசாலை மேற்பார்வையாளர்” என்ற ஒற்றைச் சொற்றொடராக நிற்கிறது. நியாயமான வேலை நியமனத்துக்கான முத்தரப்பு வழிகாட்டி நெறிகள், வேலைக்குத் தேவைப்பட்டாலன்றி வயது, பிறந்த தேதி, மதம், திருமண நிலை ஆகியவற்றை விண்ணப்பப் படிவத்தில் கேட்கலாகாது என்று முதலாளிகளுக்குச் சொல்கின்றன. அவர்கள் கேட்கக்கூடாத விவரத்தை நாமாகவே முதல் வரியில் எழுதிக் கொடுப்பானேன்? அந்த வரிகளை நீக்கிவிட்டு, கடைசி வேலையை முதலில் வைத்து, எத்தனை பேரை மேற்பார்த்தார், ஆண்டிறுதிக் கணக்கெடுப்பில் இருப்பு எவ்வளவு பிசகாமல் நின்றது, எந்தக் கணினி முறையில் சரக்கைப் பதிந்தார், தீபாவளியும் சீனப் புத்தாண்டும் நெருங்குகையில் இருமடங்காகும் சரக்கை எப்படி அனுப்பி வைத்தார் என்பதை நாலு வரியில் எழுதினால், படிப்பவர் கண்ணுக்கு ஒரு வயது தெரியாமல் ஒரு வேலைக்காரர் தெரிவார். பொய் ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை. உண்மையை உரிய இடத்தில் வைத்தால் போதும்.

இந்தக் காரியத்தில் கைகொடுக்க ஸ்தாபனங்கள் உண்டு. ஊழியரணி சிங்கப்பூர் என்ற அரசாங்க அமைப்பும், தேசிய தொழிற்சங்கக் காங்கிரஸ் 2008இல் நிறுவிய வேலை நியமன, வேலைத்தகுதிக் கழகமும் ஆலோசகர்களை வைத்திருக்கின்றன. வேலைச் சந்தைகள் நடத்துகின்றன. புதுத்துறைக்கு மாறுபவருக்குச் சம்பள மானியத்தோடு பயிற்சி ஏற்பாடு செய்கின்றன. அந்தக் கழகம் இயங்கும் ஜூரோங் ஈஸ்ட் கட்டடத்துக்குத் தொழிற்சங்கத் தலைவரும் பிற்காலத்தில் ஜனாதிபதியுமான தேவன் நாயரின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. கூச்சப்படாமல் அங்கே சென்று, ஆலோசகரின் எதிரில் உட்கார்ந்து, நேருக்கு நேர் பேசிவிட்டு வருவது, திரையின் முன் தனியே பத்து இரவுகள் உட்கார்ந்திருப்பதைக் காட்டிலும் பலன் தரும்.

ஆயினும், கடற்படைத் தள ஊழியர்களின் கதையில் நாம் குறித்து வைத்த காரணம் இங்கேதான் உதவுகிறது. முதியவருக்கு வேலை கிடைப்பது பெரும்பாலும், அவருடைய உழைப்பைக் கண்ணால் கண்ட ஒருவர் மூலமாகவே. பண்டகசாலைக்குச் சரக்குக் கொண்டுவந்த லாரி நிறுவனக்காரர், பெட்டிகளைச் சுத்தப்படுத்தித் தந்த ஒப்பந்ததாரர், போட்டி நிறுவனத்தில் அதே வேலை பார்த்த நண்பர், தமக்குக் கீழே வேலை பழகி இன்று வேறிடத்தில் நிர்வாகியாக இருக்கும் இளைஞர் ஆகிய இவர்களுக்கு அவருடைய பிறந்த தேதி தெரியாது; நள்ளிரவில் சரக்கு வந்தாலும் கதவைத் திறந்து கணக்கைச் சரிபார்த்து இறக்கியவர் என்பது தெரியும். அவர்கள் பெயர்களை ஒரு காகிதத்தில் எழுதி, ஒவ்வொருவரையும் அழைத்து, “தம்பி, நான் இப்போ வேலையில இல்ல, உங்க பக்கம் ஏதாவது இருந்தா சொல்லுங்க” என்று கேட்பதற்குத்தான் அந்த 58 வயதுக்காரருக்கு நா எழுவதில்லை. வேலை கேட்பதைப் பிச்சை கேட்பதோடு ஒன்றாக எண்ணுகிற மனப்பழக்கம் நம்மவர்களிடம் ஆழமாக வேரோடியிருக்கிறது. வேலை கேட்பவர் தம் உழைப்பைத் தர முன்வருகிறார். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

டோபி காட்டிலிருந்து வடகிழக்குத் தடத்தில் ஒரே நிறுத்தம் சென்றால் லிட்டில் இந்தியா. அங்கே தேக்கா சந்தையிலோ, வீரமாகாளியம்மன் கோவில் வாசலிலோ, தெரிந்தவர் ஒருவர் எதிர்ப்பட்டு, “என்ன அண்ணே, இன்னைக்கு லீவா?” என்று கேட்பார். அன்பாகக் கேட்ட கேள்விதான். ஆனால் அதற்குப் பயந்தே எத்தனையோ பேர் வார நாட்களில் சிராங்கூன் சாலைப் பக்கம் போவதை நிறுத்திவிடுகிறார்கள். காலையில் வழக்கம்போல் உடுத்திக்கொண்டு வீட்டைவிட்டுப் புறப்பட்டு, விக்டோரியா தெருவின் தேசிய நூலகத்தில் தமிழ்ப் பத்திரிகைகளோடு பகலைக் கழித்துவிட்டு மாலையில் திரும்புகிறவர்களும் உண்டு. மறைத்துக்கொள்ளும் ஒவ்வொரு நாளும், வேலை வாங்கித் தரக்கூடிய மனிதர்களிடமிருந்து அவர்களை மேலும் விலக்குகிறது. ஆகவே, வேலை போன விஷயத்தைக் குடும்பத்தாரிடமும் உறவினரிடமும் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவது வெறும் மன ஆறுதலுக்காக அன்று; தேடுதலின் முதற்படியே அதுதான்.

சிராங்கூன் சாலையின் மளிகைக் கடைகள், துணிக்கடைகள், நகைக்கடைகள், உணவகங்கள், கோவில் அலுவலகங்கள் ஆகியவை கணக்கும் மொழியும் வாடிக்கையாளரின் முகமும் தெரிந்த முதியவரைப் பலமுறை விரும்பி ஏற்கின்றன. தெரிந்தவர் கடைதானே என்று வாய்ச்சொல்லில் வேலைக்குச் சேரும் வழக்கம் மட்டும் அங்கே ஆபத்தானது. 2016 ஏப்ரல் முதல், வேலையின் முக்கிய நிபந்தனைகளை எழுத்தில் தருவதும், விவரமான சம்பளச் சீட்டுத் தருவதும் சட்டப்படி கட்டாயம். சேம நிதிச் சந்தாவும் அப்படியே. முதலாளி எவ்வளவு நெருங்கியவராயினும், இம்மூன்றையும் கேட்டு வாங்குவது அவரை அவமதிப்பது ஆகாது.

பலருக்குக் கிடைப்பது பழைய உத்தியோகம் அன்று என்ற உண்மையையும் மறைக்கலாகாது. அலுவலகத்தில் மேசை போட்டு உட்கார்ந்தவர், அடிப்படைப் பயிற்சி முடித்து உரிமம் வாங்கிக்கொண்டு, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் 12 மணி நேரக் காவல் வேலைக்குப் போகிறார். எழுத்தராயிருந்த அம்மையார் உணவங்காடி நிலையத்தில் தட்டு எடுக்கிறார். அந்த வேலைகள் இழிவானவை அல்ல. துப்புரவு, காவல் ஆகிய துறைகளில் படிப்படியாக உயரும் குறைந்தபட்சச் சம்பள ஏற்பாடு இப்போது இருக்கிறது. ஆனால் முப்பது வருஷம் பழகிய திறமை ஒன்று முழுக்கப் பயனற்றுப் போவதும், அறுபது வயது முழங்கால் இரவு முழுதும் நிற்பதும் நாட்டுக்கே நஷ்டம். ஆகவே, அத்தகைய வேலையை ஏற்றுக்கொண்டவரும் தம் துறையில் தேடுவதை நிறுத்திவிடாமல், வாரத்தில் ஒரு பொழுதை அதற்கென ஒதுக்கி வைக்க வேண்டும். பெற்றோரைப் பார்ப்பதற்காகவோ பேரக் குழந்தைகளை வளர்ப்பதற்காகவோ பத்து வருஷம் வீட்டிலிருந்துவிட்டு மறுபடி வேலை தேடும் பெண்களின் சிரமம் இன்னும் பெரிது. அவர்களுடைய விவரக் குறிப்பில் அந்தப் பத்து வருஷம் வெற்றிடமாகத் தெரிகிறது, அந்த உழைப்பால் மற்றவர்கள் வேலைக்குப் போக முடிந்தது என்பது தெரிவதில்லை.

இனி முதலாளிகளின் தரப்பையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். முதியவருக்குச் சம்பளம் அதிகம் தரவேண்டும், அடிக்கடி நோய்வாய்ப்படுவார், புதுக் கருவிகளைக் கற்கமாட்டார், சீக்கிரம் போய்விடுவார் என்று அவர்கள் சொல்கிறார்கள். முதல் கூற்றுக்குக் கணக்கே பதில் சொல்கிறது. 55 வயது வரையுள்ள ஊழியருக்கு முதலாளி செலுத்தும் சேம நிதிச் சந்தா சம்பளத்தில் 17 சதவிகிதம். 2025ஆம் ஆண்டு விகிதப்படி, 65ஐக் கடந்து 70 வரையுள்ளவருக்கு அது 9 சதவிகிதம். 60 வயதைக் கடந்து, மாதம் 4,000 வெள்ளிக்குள் சம்பாதிக்கும் சிங்கப்பூரரை வைத்திருக்கும் முதலாளிக்கு, அவ்வூழியரின் வயதைப் பொறுத்து, சம்பளத்தில் 7 சதவிகிதம் வரை அரசாங்கமே ஆதரவாகக் கொடுத்து வந்திருக்கிறது. சீக்கிரம் போய்விடுவார் என்பதும் அனுமானமே. 58 வயதில் சேருபவர் 68 வரை உழைத்தால் அது பத்து வருஷம். இந்நாளில் எத்தனை இளைஞர்கள் ஒரே நிறுவனத்தில் பத்து வருஷம் இருக்கிறார்கள்? கற்கமாட்டார் என்ற பயத்துக்கு ஒரே பரிகாரம், கற்றுக் கொடுத்துப் பார்ப்பதுதான். தேக சுகம் ஆளுக்கு ஆள் வேறுபடுவது. அதனை வயதைக் கொண்டு முடிவு செய்வதைவிட, அந்த வேலைக்கு என்ன தேக வலு வேண்டும் என்று வகுத்து, அதனைச் சோதித்துப் பார்ப்பது நியாயம்.

உலகத்தில் பிற தேசங்களும் இதே முடிச்சை வெவ்வேறு விதமாக அவிழ்க்க முயன்றிருக்கின்றன. அமெரிக்கா 1967இல், 40 வயதைக் கடந்தவர்களை வயதின் காரணமாக ஒதுக்கலாகாது என்று சட்டம் செய்து, 1986இல் பெரும்பாலான துறைகளில் கட்டாய ஓய்வையே நீக்கியது; பிரிட்டன் 2011இல் 65 என்ற பொது ஓய்வு வயதைக் கைவிட்டது. நம் தமிழ்நாட்டில், அரசு ஊழியரின் ஓய்வு வயது 2020இல் 58லிருந்து 59ஆகவும், 2021இல் 60ஆகவும் உயர்த்தப்பட்டது. இவற்றிலெல்லாம் என் கவனத்தைக் கவர்ந்தது ஜப்பானில் 1975ஆம் ஆண்டு டோக்கியோவில் தொடங்கி நாடெங்கும் பரவிய மூத்தோர் மனிதவள மையங்கள். ஓய்வு பெற்றவர் அதில் அங்கத்தினராகச் சேர்ந்துகொள்கிறார். பூங்காவைப் பேணுவது, வீட்டுச் சாமான்களைப் பழுது பார்ப்பது, அலுவலகக் கணக்கெழுதுவது என அக்கம்பக்கத்தில் எழும் சிறு வேலைகளை மையம் ஏற்று, அவரவர் திறமைக்கும் வலுவுக்கும் ஏற்பப் பிரித்துக் கொடுக்கிறது. முதியவர் தனியாளாய் வாசல் வாசலாய்ப் போக வேண்டியதில்லை. அவரை அறிந்த ஒரு ஸ்தாபனம் அவருக்காகப் போய்க் கேட்கிறது.

சிங்கப்பூரில் 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம், வேலைக்கு ஆளெடுக்கும்போதும் வயதைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்க வகுக்கப்பட்டது. வாசலுக்கு வெளியே நிற்பவரைச் சட்டம் நேராகப் பார்க்கத் தொடங்கியதன் அடையாளம் அது, மகிழ்ச்சியோடு வரவேற்கத்தக்கது. ஆனால் 25 பேருக்குக் குறைந்த ஊழியர்களைக் கொண்ட சிறு நிறுவனங்களுக்கு ஆரம்பத்தில் அதிலிருந்து விலக்களிக்கப்பட்டிருக்கிறது. தமிழரின் கடைகளும் கம்பெனிகளும் பெரும்பாலும் அந்த அளவுக்கு உட்பட்டவையே. எனவே நம் சமூகத்தில், இந்த நியாயம் இன்னும் சில காலத்துக்குச் சட்டத்தால் அல்ல, மனிதர்களின் மனச்சாட்சியால்தான் நடந்தேற வேண்டியிருக்கிறது.

ஆகவே சிராங்கூன் சாலையிலும் அதற்கப்பாலும் தொழில் நடத்துகிற தமிழ் முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஓர் இடம் காலியாகும்போது, வந்த விண்ணப்பங்களில் ஐம்பதைக் கடந்த ஒருவருடையதை எடுத்து, அவரை நேரில் அழையுங்கள். வயதைக் கேட்பதற்கு முன், உங்கள் கடையின் உண்மையான வேலை ஒன்றை, அது இருப்புக் கணக்கானாலும் சரி, கோபமாக வந்த வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்துவதானாலும் சரி, அவர் முன் வைத்து, எப்படிச் செய்வீர்கள் என்று கேளுங்கள். கூலி கொடுத்து ஒரு நாள் செய்யச் சொல்லியும் பாருங்கள். சரிப்படவில்லையென்றால், காரணத்தை இரண்டு வரியில் எழுதித் தெரிவியுங்கள். அந்த இரண்டு வரி அவருக்கு அடுத்த இடத்தில் உதவும். சரிப்பட்டால், நியமனக் கடிதம் கொடுத்து, சேம நிதி கட்டி, மற்றவர்களுக்குரிய மரியாதையோடு வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் இன்று 65 வயதைக் கடந்தவர். 2030இல் நால்வரில் ஒருவர் அப்படி இருப்பார். இன்று அந்த முதியவருக்கு நாம் திறக்கும் கதவின் வழியாகத்தான் நாளை நம்முடைய விண்ணப்பமும் உள்ளே போக வேண்டியிருக்கும்.